உறை பார்த்து வாங்கியவர்

அறங்களுள் எளியதுபோலத் தோன்றிக் கைக்கொள்ளப் புகுவார்க்கு அரியதாய் நிற்பது வினவுதல். ஈகைக்குக் கையிற் பொருள் வேண்டும்; பொறைக்கு நெஞ்சில் இடம் வேண்டும்; வினவுதற்கோ 'எனக்குத் தெரியவில்லை' என்னும் இரண்டு சொல் போதும். அவ்விரண்டும் நாவைவிட்டு இறங்க மறுப்பதுபோல் வேறெச்சொல்லும் மறுப்பதில்லை. கற்றார்க்கு வெட்கம் தடை. கல்லார்க்கு அச்சம் தடை. தொழிலில் கைதேர்ந்தார்க்கோ, 'இதுகூடத் தெரியாதா' என்று பிறர் நகைப்பரே என்னும் மானம் தடை. அம்மானத்தைத் தாண்டிவந்து அவ்வறத்தைக் கைக்கொண்டார் ஒருவர் உண்டு. அவர் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் தொழிலர். அக்கம்பக்கத்தார் அவரை லிஃப்ட்காரர் என்பர்.

நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது; மணமாகாதவர். நகலெடுக்கும் கடை ஒன்றன் மாடியில் இரண்டறை வீடு. காலையில் கருவிப்பையைத் தோளில் மாட்டிப் புறப்பட்டால், உயர்ந்த கட்டடங்களின் உச்சியிலுள்ள பொறியறைகளிலும், ஒளி புகாத தூக்கிக் குழிகளிலும் அவர் பகல் கழியும். எஃகுக் கயிற்றை விரலால் வருடி, அறுந்த இழை ஒன்று இருப்பினும் கண்டுவிடுவார். கதவு மூடும் ஓசையைக் கேட்டே எந்தத் தளத்துக் கதவு தேய்ந்தது என்பார். அவரோடு பணிசெய்யும் கூட்டாளி, கையிலும் சட்டையிலும் எந்நேரமும் பிசுக்கோடு திரிபவர். அதனால் கிரீஸ் என்னும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. மூன்று பிள்ளைகளின் தந்தையாகிய கிரீஸ், நண்பரின் தனிமையைப் பற்றி வாய்ப்பு நேரும்போதெல்லாம் ஒன்றையே சொல்லுவார்.

"இவனுக்கு ஏறத் தெரியும், எறங்கத் தெரியும். பக்கத்துல திரும்பிப் பார்க்க மட்டும் தெரியாது. அதான் கல்யாணம் ஆகல."

லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டே திருகாணியை இறுக்குவார். தனிமை அவருக்குச் சுமையாய் இருந்ததில்லை. ஒரு தட்டு, ஒரு தலையணை, ஒரு சாவி என்று இருந்த அவ்வாழ்க்கை, தமக்கை தன் மகளோடு வந்து கதவைத் தட்டிய நாளில் முடிந்தது.

தமக்கை கணவரை இழந்தவர். மகள் பேசத் தொடங்குமுன்னே அத்துயர் நேர்ந்தது. தையற்கூடங்களில் சில்லறைக் கூலிக்கு வேலை செய்து சலித்தவர்க்கு, நல்லூழாய் ஒரு வாய்ப்பு வந்தது: வேறொரு நகரில், செயற்கைப் பல் கட்டும் தொழிலை ஓராண்டு தங்கிக் கற்கும் இடம். கற்று முடித்தால் பல் மருத்துவரிடம் நிலையான வேலை. இடையில் விட்டவர்க்கு மீண்டும் இடமில்லை. அவ்விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. தம்பியின் முகத்தை நேரே பாராமல், தரையைப் பார்த்துக்கொண்டு தமக்கை இதனைச் சொல்லி முடித்தார். தம்பி விடையாக எழுந்துபோய், அறை மூலையில் கிடந்த கருவிப்பெட்டிகளை வெளியே எடுத்துவைத்து, அங்கே ஒரு சிறு கட்டிலுக்கு இடம் அளந்தார்.

சிறுமிக்கு நான்கு வயது. உருண்டைக் கண்ணும் உருண்ட உடலுமாய்ப் பிறந்தபோது வைத்த செல்லப்பெயர் பட்டாணி. தாய் அந்நகர் சென்ற பின்னர்ப் பட்டாணி மெலியத் தொடங்கினாள். அழுது அடம்பிடித்தாள் அல்லள், அழுதிருந்தால் ஆற்றியிருக்கலாம். சோற்றைப் பார்ப்பாள், இரண்டு வாய் வாங்குவாள், 'போதும் மாமா' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சன்னலண்டை போய் நிற்பாள். அந்த மரியாதைதான் லிஃப்ட்காரரை உலுக்கியது.

பகலில் அவளை மழலையர் காப்பகத்தில் விடுவார். அங்கே ஒரு விதி இருந்தது. ஒரு குழந்தைக்கு ஒவ்வாத உணவு, பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து கைமாறி முன்னொருகால் தொல்லை நேர்ந்ததால், மாலைச் சிற்றுணவாக வீட்டுப் பண்டம் எதுவும் கொண்டுவரலாகாது. என்ன கலந்துள்ளது என்று அச்சிட்ட, பிரிக்காத கடைப் பொருள் மட்டுமே கொடுத்தனுப்பலாம். எனவே எதைச் சமைத்துக் கட்டித் தருவது என்ற கவலை லிஃப்ட்காரர்க்கு இல்லாதொழிந்தது. எதை வாங்குவது என்ற கவலை அவ்விடத்தில் குடியேறியது.

குழந்தைகள் மருத்துவமனையில் எடை பார்க்கும் செவிலி, பட்டாணியை எடைமேடையில் நிறுத்தி, முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வயதுக்குத் தக்க எடை இல்லை என்றார். முட்டை, பருப்பு, பழம் என்று வீட்டுக்குரியவற்றைச் சொன்னார். காப்பகத்துக்கு என்ன கொடுப்பது என்று லிஃப்ட்காரர் கேட்டபோது, தயிர் நல்லது என்றார். கடைத் தயிரா என்று அவர் தயங்கவே, செவிலி சொன்னார்:

"கடைத் தயிர்தான் குடுத்தாகணும்னா உறைதாங்க முக்கியம். நல்ல உறையா பார்த்து வாங்குங்க."

மேலும் அவர் சொல்லவந்ததை, ஊசி போடப்பட்ட வேறொரு குழந்தையின் அழுகை விழுங்கிவிட்டது. வரிசை நெருக்கித் தள்ளியது. லிஃப்ட்காரர் நன்றி சொல்லி வெளியே வந்தார்.

உறை என்னும் சொல் தமிழிற் பல பொருளுக்கு உறைவிடம். வாள் செருகுவது உறை. தலையணை நுழைவது உறை. பழம்பாடல்கள் மழைத்துளியையும் உறை என்னும். தெய்வம் கோயில்கொண்டு தங்குதல் உறைதல். காய்ச்சி ஆற்றிய பாலை ஒரு கரண்டித் தயிர் தன்வயமாக்குவதும் உறைதலே; அக்கரண்டித் தயிரும் உறையே. இவற்றுள் எந்த உறையைச் செவிலி சொன்னார்? வீட்டில் பால் தோய்த்து வளர்ந்தார் எவரும் ஐயுறார். லிஃப்ட்காரரோ இளமை முதல் உணவு விடுதிகளில் உண்டு பழகியவர். அவர் நாள்தோறும் கண்ட உறை, ரொட்டிப் பொட்டலத்தின் மேல் 'உறையைப் பிரித்தபின் விரைந்து உண்க' என்று அச்சிட்டிருந்த உறை.

ஆயினும் ஐயம் சிறிது எழாமல் இல்லை. வினவவும் செய்தார். எவரை வினவினார் என்பதில்தான் வினை இருந்தது. மறுநாள் பதினான்காம் மாடிப் பொறியறையில், மூன்று பிள்ளை பெற்றவர் என்னும் மதிப்பால் கிரீஸிடம் கேட்டார். கிரீஸ் ஒரு கணமும் எண்ணாமல் தீர்ப்புச் சொன்னார்.

"உறைன்னா கவர்டா. சீல் உடையாம, ஓட்டை இல்லாம இருக்கணும்னு சொல்லியிருப்பாங்க. சின்ன புள்ளைங்க விஷயம் இல்லையா."

கண்ணிலார்க்குக் கண்ணிலார் வழிகாட்டியது போலாயிற்று. அன்று மாலை லிஃப்ட்காரர் கடைக்குள் நுழைந்ததைக் கண்டோர், அவர் தூக்கிக் கயிற்றைச் சோதிக்க வந்தார் என்றே எண்ணியிருப்பர். கிண்ணம் கிண்ணமாக எடுத்து மூடியின் விளிம்பை நகத்தால் நெருடினார். தலைகீழாகக் கவிழ்த்துக் கசிவு பார்த்தார். பக்கங்களை அழுத்தி, எது எவ்வளவு வளைகிறது என்று ஒப்பிட்டார். சுருக்கம் விழுந்த மூடிகளைத் தள்ளினார். இறுதியில் அவர் மனத்தை வென்றது கரடிப் படம் போட்ட கிண்ணம். தடித்த நெகிழி, இரட்டை மூடி, மேல்மூடிக்குள் மடக்கிய சிறு கரண்டி. இத்துணை ஒழுங்காய்ப் பொருத்திய வேலைப்பாட்டைத் தம் தொழிலிலும் அவர் அரிதாகவே கண்டிருந்தார். அது குளிர்ப்பெட்டிக்கு வெளியே, சிறார் கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கியிருந்தது. அந்த அடுக்கின் பொருளை அவர் அன்று எண்ணவில்லை. பை நிறைய வாங்கிவந்தார்.

பட்டாணிக்குக் கரடி பிடித்துப்போயிற்று. கரண்டியை விரித்து, வழித்து, மூடியின் உட்புறத்தையும் நக்கினாள். தாய் சென்றபின் அவள் 'இன்னும்' என்று கேட்டது அதுவே முதல்முறை. லிஃப்ட்காரரின் நெஞ்சு தளம் தளமாய் மேலேறியது. காப்பகத்துக்கு ஒன்று, வந்ததும் ஒன்று, கெஞ்சினால் இன்னொன்று. தமக்கையிடம் தொலைபேசியில், 'உன் பொண்ணு இப்ப சாப்பிடுறாக்கா' என்று பெருமை பேசினார். இரவுச் சோற்றை அவள் முன்னிலும் மரியாதையாக மறுத்தாள் என்பதைச் சொல்ல அவர்க்குத் தோன்றவில்லை. கரடியின் வெற்றியில் அது கண்ணில் படவே இல்லை.

அடுத்த முறை எடைமேடையின் முள் அசையவில்லை. உற்று நோக்கின், சற்றே பின்னால் சாய்ந்திருந்தது. செவிலியின் நெற்றி சுருங்கியது. மாலையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்காகவே காத்திருந்தவர்போல் லிஃப்ட்காரர் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்க சொன்ன மாதிரியே நல்ல உறை, சிஸ்டர். அழுத்திப் பாருங்க, நசுங்காது."

செவிலி அழுத்தியும் பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் திருப்பி அடியெழுத்தைப் படித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அவரை மீறிக்கொண்டு வந்தது. அடக்க முயன்று, கையிலிருந்த எடைத்தாளால் வாயை மூடிக்கொண்டார்.

"நான் சொன்னது பால்ல ஊத்துற உறைங்க. நீங்க கவரைப் பார்த்து வாங்கியிருக்கீங்க."

வரிசையில் நின்ற தாய்மாரிடம் அது பரவியது. ஒருவர் தம் குழந்தையின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினார். 'அது எனக்கும் தெரியும், குழந்தைக்குப் பிடிச்சதேன்னு வாங்கினேன்' என்று ஒரு சொல் சொல்லித் தப்பியிருக்கலாம். அச்சொல் லிஃப்ட்காரர் நாவின் நுனி வரையில் வந்தது. அவ்வேளையில் பட்டாணி எடைமேடையிலிருந்து இறங்கி, அவர் விரலைப் பற்றிக்கொண்டாள். பற்றிய அச்சிறு கையின் மெலிவு அவர் மானத்தை விழுங்கியது.

"எனக்குத் தெரியல, சிஸ்டர்," என்றார். "முதல்லேர்ந்து சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

செவிலியின் சிரிப்பு நின்றது. நாற்காலியைக் காட்டினார். வரிசையைக் காக்கவைத்து விளக்கினார். இக்கரடிக் கிண்ணத்தில் இருப்பது தயிரன்று. 'தயிர்ச்சுவைப் பாற்குழைவு' என்று அடியில் பொடியெழுத்தில் உள்ளது. தயிராக்கிய பின் மீண்டும் சூடேற்றி, உறையின் உயிரைக் கொன்றுவிட்டனர். அதனால்தான் குளிர் வேண்டாமல் மாதக்கணக்கில் நிற்கிறது. என்னென்ன கலந்தது என்னும் வரிசையில், எது மிகுதியோ அதுவே முதலில் நிற்கும்; இங்கே பாலை அடுத்து நிற்பது சர்க்கரை. வயிறு சிறிய குழந்தை அந்த இனிப்பால் பசியாறிவிட்டால் சோற்றுக்கு இடம் ஏது? பாலுக்கே இயல்பாய் உள்ள இனிப்பு வேறு, மேலே கொட்டிய இனிப்பு வேறு. வெறுந்தயிரில் அச்சிட்ட சர்க்கரை அளவையும் இதில் அச்சிட்டதையும் ஒரே அளவுக்கு ஒப்பிட்டால் கொட்டியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கொழுப்பு நீக்கியதும் இவ்வயதில் இவளுக்கு வேண்டா. முழுப்பாலில் ஆனதே நல்லது. லிஃப்ட்காரர் இடையிடையே நிறுத்திக் கேட்டார். ஒன்றை மூன்றுமுறையும் கேட்டார். கேட்கக் கேட்க, கேட்பது எளிதாயிற்று.

அன்று மாலை தமக்கையிடம் உள்ளதை உள்ளவாறே சொன்னார். மறுமுனையிலிருந்து தமக்கை கேட்டார்:

"நான் இங்க பல்லுக் கட்டக் கத்துக்கறேன். நீ அங்க என் பொண்ணு பல்லைச் சொத்தையாக்கி எனக்குத் தொழில் புடிச்சுக் குடுக்குறியா?"

லிஃப்ட்காரர் சிரிக்க முயன்றார். தமக்கை சிரிக்கவில்லை.

"அடுத்த தடவை எடை பார்க்கிற அன்னிக்கு நான் வரேன்டா. பையோடதான் வருவேன். முள்ளு ஏறலைன்னா திரும்பிப் போகமாட்டேன்."

குரலில் சினமில்லை, அதுவே அவரைக் கலக்கியது. தமக்கை திரும்பினால் பற்கட்டும் தொழில் போயிற்று. தையற்கூடத்து நாற்காலி மீண்டும் அவர்க்காகக் காத்திருக்கும். எல்லாம் ஒரு சிறுமியின் மாலைச் சிற்றுணவில் வந்து தொங்கி நின்றது.

மீண்டும் கடை. இம்முறை குளிர்ப்பெட்டியின் முன் அவர் கால்கடுக்க நின்று படித்தார். கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண், பெட்டி பழுதென்று பார்க்க வந்தவரோ என்று ஐயுற்றுக் கேட்டாள். அவர், எதில் உயிருள்ள உறை இருக்கிறது என்று அவளையே வினவினார்.

"எனக்கும் தெரியாதுண்ணே, நான் அடுக்குறவ. ஆனா ஒண்ணு சொல்றேன். கரெண்டு போச்சுன்னா இதையெல்லாம் நாங்க பதறி அள்ளுவோம். அந்தக் கரடியை மட்டும் யாரும் திரும்பிக்கூட பார்க்கமாட்டோம்."

அறிந்தது அறிந்தவாறு, அறியாதது அறியாதவாறு சொன்ன அவ்விடை அவருக்குப் பெரிதும் உதவியது. பதறி அள்ளுவனவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார். பெயர்கள் வழுக்கின. ஒன்று தயிர், ஒன்று தயிர்ப்பானம், ஒன்று தயிர்க்களிப்பு. பிழிந்து உறிஞ்சும் பை ஒன்று. அப்பால் வெளித்தட்டில் தயிர் பூசிய திராட்சை என்றொரு பொட்டலம். அதன் வரிசையில் சர்க்கரை முதல்வீடு, எண்ணெய் இரண்டாம் வீடு, தயிர்ப்பொடியோ ஊர்க்கடைசியில் ஒற்றைக் குடிசை. தலைவாசலில் தயிர் என்று பலகை மாட்டி, உள்ளே வேறெவரோ குடியிருந்தனர். அதனைத் திரும்ப வைத்தார். எஞ்சியவற்றுள்ளும் சில உயிருள்ள நுண்ணுயிர் உண்டென்றன. சில ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று 'தயிரின் நன்மை நிறைந்தது' என்று மட்டும் பாடியது. வெறுந்தயிர், பழம் கலந்தது, நன்மை பாடியது, பிழிபை என்று வகைக்கு ஒன்றாய் வாங்கினார். ஒப்பிடுதற்குக் கரடியும் ஒன்று வீட்டில் எஞ்சியிருந்தது.

வெறுந்தயிரைப் பட்டாணி ஒரு நுனி நாக்கால் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மாமா, இந்தத் தயிர் கோவமா இருக்கு."

ஏன் கோபம் என்று கேட்டார். தெரியாது, ஆனால் கோபம்தான் என்றாள். கிண்ணத்தை இரு கையாலும் அவர் பக்கம் நகர்த்தினாள். மரியாதையாகத்தான் நகர்த்தினாள்.

மின்தூக்கித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இத்தனை பேரைத் தாங்கும் என்று கூண்டின் சுவரில் பலகை அடித்திருக்கும். பழுது பார்ப்பவர் அப்பலகையை நம்பார். இரும்புக் கட்டிகளை ஏற்றி, இயக்கி, நிறுத்தி, தாங்குகிறதா என்று கண்ட பின்னரே கையொப்பமிடுவார். கடைக் கிண்ணத்தின் எழுத்தும் பலகைதானே என்று லிஃப்ட்காரர்க்குத் தோன்றியது. உறை உயிரோடிருக்கிறதா என்று அறியப் பாலைவிடச் சிறந்த சான்று எது? மறுநாள் பணியிடத்தில் தம் எண்ணத்தைச் சொன்னபோது, கிரீஸ் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தனை நாள் லிஃப்டுக்கு லோடு டெஸ்ட் பார்த்த, சரி. இப்ப பாலுக்குமா?"

தாம் தந்த தீர்ப்பால் நேர்ந்தது அவருக்கும் உறுத்தியிருந்தது போலும். மாலையில் வீடு திரும்பும் வழியில், தம் மனைவி எழுதச் சொன்னதாக ஒரு துண்டுச் செய்தியைக் கைப்பேசியில் அனுப்பினார்: பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கவேண்டும்; தோய்த்த பின் அசைக்கக்கூடாது; எட்டிப் பார்க்கக்கூடாது.

விளக்கு வைக்கும் வேளையில் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும்வரை ஆற்றி, ஐந்து கிண்ணங்களில் ஊற்றினார். பட்டாணி நாற்காலிமேல் ஏறி நின்றாள். ஒவ்வொரு கடைக்கிண்ணத்திலிருந்தும் ஒரு சிறு கரண்டி எடுத்து ஒவ்வொரு பாலில் விடும் பணி அவளுடையது. எது எதுவென்று மறவாதபடி, அவர் ஒட்டுநாடாவில் அடையாளம் எழுதி ஒட்டினார். அவளோ தன் அடையாளமாக ஒவ்வொன்றையும் கன்னத்தில் தொட்டு, 'தூங்கு' என்றாள். வெறுந்தயிர் விட்ட கிண்ணத்திடம் மட்டும், 'கோவப்படாம தூங்கு' என்று சேர்த்துச் சொன்னாள். ஐந்தையும் அடுப்பு மேடையின் மூலையில் மூடி, போர்வை ஒன்றைச் சுற்றிவைத்தார்.

காலையில் அவரை எழுப்பியது பட்டாணி. அவள் தானாக எழுந்து வந்தது அவ்வீட்டில் அதுவே முதல் நாள். மூடிகளைத் திறந்தார்கள். கரடியின் பால் பாலாகவே கிடந்தது. கிண்ணத்தைச் சாய்த்தால் சலசலத்தது. நன்மை பாடியதும் அவ்வாறே. பிழிபையின் பால் பாதி மனத்தோடு, குழம்பியும் குழம்பாமலும் நின்றது. பழம் கலந்தது உறைந்திருந்தது. வெறுந்தயிர் விட்ட பாலோ பளிங்குத் தரைபோல் கட்டியாய், கிண்ணத்தைச் சாய்த்தும் அசையாமல் வெளுத்துக் கிடந்தது.

பட்டாணி குனிந்து, அதன் அருகில் முகத்தைக் கொண்டுபோய், குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா. தூங்கிடுச்சு."

"எழுப்பலாமா?"

அவள் சற்று எண்ணிப் பார்த்தாள். தூங்கி எழுந்தால் கோபம் போய்விடும் என்றாள். அது அவள் தன்னைப் பற்றியே அறிந்திருந்த உண்மை. கரண்டியால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி வாயில் வைத்தாள். அன்று தோய்ந்த தயிர் ஆதலின் புளிப்பேறாமல் பாலின் தண்மையோடு இருந்தது. இன்னொரு வெட்டு வெட்டினாள். லிஃப்ட்காரர் மூச்சையும் மெல்ல விட்டார், அதிர்ந்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று. கிண்ணம் பாதி ஆனபின், கடையிலிருந்து வந்த வெறுந்தயிர்க் கிண்ணத்தைக் காட்டி அவள் சொன்னாள்:

"இது அம்மா. இது பாப்பா."

 லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுப்பு மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

அன்று முதல் காப்பகத்துக்கு 'அம்மா' சென்றது. பிரிக்காத கிண்ணமாய், குளிர்க்கட்டி வைத்த சிறு பையில். மாலையில் வீட்டில் 'பாப்பா'. முதல் வாரம் காப்பகத்தில் பாதியே உண்டாள் என்றனர். சிறிது பழத்தின் இனிப்புச் சேர்ந்தால் முழுதும் உண்பாள் என்று லிஃப்ட்காரர் எண்ணினார். விதியோ குறுக்கே நின்றது. அவர் ஒரு வாழைப்பழத்தோடு காப்பகத் தலைவியின் மேசைமுன் போய் நின்றார். தலைவி, பிரிக்காத பொருள்தான் ஏற்போம் என்று தொடங்கினார்.

"இதுவும் பிரிக்காததுதாங்க. இதைவிட நல்ல சீலு எந்தக் கம்பெனியும் போடல. என்ன கலந்திருக்குன்னு அச்சடிக்கல, ஏன்னா எதுவும் கலக்கல."

தலைவி பழத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். தோலுடன் கூடிய முழுப்பழம் கொண்டுவரலாம் என்று விதியில் ஒரு வரி கூடியது. தயிரில் பழத்தைப் பிசைந்து தருவது ஆசிரியைக்கும் விளையாட்டாயிற்று. வேறு சில பெற்றோரும் பையில் பழம் வைக்கத் தொடங்கினர். இரவுச் சோற்றில் பட்டாணி மூன்றாம் வாய், நான்காம் வாய் வாங்கினாள். எல்லா நாளும் அப்படியன்று. முகம் திருப்பிய நாளும் இருந்தது, கரடி கேட்டு அழுத நாளும் இருந்தது. அழுகிறாளே என்று அவர் ஒருவாறு மகிழ்ந்தார். கேட்டு அழும் குழந்தை, சன்னலண்டை மரியாதையாய் நிற்கும் குழந்தையினும் நலமுடையது.

எடை பார்க்கும் நாள் வந்தது. தமக்கை சொன்னவாறே பையோடு வந்தார். வீட்டுக்குள் வந்தும் பையைப் பிரிக்கவில்லை. தோளிலேயே மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். பட்டாணி தாயின் ஒரு கையையும் மாமன் கையையும் பற்றி இடையில் ஊஞ்சலாடினாள். தம்பியும் தமக்கையும் ஒருவரையொருவர் பாராமல் நடந்தனர்.

செவிலி முள்ளைப் பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்தார். தமக்கையின் கை பையின் வாரை முறுக்கியது.

"ஏறியிருக்கு. கொஞ்சம்தான், ஆனா ஏறியிருக்கு."

அது போதுமா என்று தமக்கை கேட்டார். செவிலி உண்மையை உயர்த்தியும் சொல்லவில்லை, தாழ்த்தியும் சொல்லவில்லை. வயதுக்குரிய எடைக்கு இன்னும் வழி இருக்கிறது. ஆனால் இறங்கியது நின்று ஏறத் தொடங்கியதே பெரிது. இப்போதுள்ள உணவையே விடாமல் தொடர வேண்டும். அந்தக் கவனிப்பு இல்லத்தில் யாருடையது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. தமக்கை மேலும் பல கேட்டார். அவற்றுக்கெல்லாம் செவிலி வாய் திறக்குமுன் தம்பியே விடை சொன்னார். தெரியாத ஒன்றிரண்டில், தெரியாது என்று செவிலியைப் பார்த்தார். தமக்கை அப்போதுதான் தம்பியை நிமிர்ந்து பார்த்தார், புதிதாய்ப் பார்ப்பவர்போல.

வீட்டில் மூவரும் உண்டனர். மகள் தட்டிலிருந்து தானே எடுத்து உண்பதைத் தாய் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பார்க்காதவர்போல இருந்தார். உண்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாலை வண்டி எத்தனை மணிக்கு என்று தம்பியைக் கேட்டார். லிஃப்ட்காரர்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் விழித்து நின்றார்.

"ஏன்டா முழிக்கிற? அங்க ஒருத்தருக்குக் கீழ்வரிசைப் பல்லு பாதியில நிக்குது. நான் போகலைன்னா அந்த மனுசன் கஞ்சிதான் குடிக்கணும்."

வண்டி நிலையத்தில் பட்டாணி அழுதாள். தாயும் அழுதார். மறைக்கவேண்டிய அழுகையன்று அது; அதனால் இருவரும் நன்றாகவே அழுதனர். வண்டி திரும்பி மறைந்தபின், லிஃப்ட்காரர் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சற்றுத் தூரம் நடந்ததும், கழுத்தருகே ஒரு குரல், பசிக்கிறது என்றது.

அக்குரலைக் கேட்டு விரைந்து நடந்த அவர் கால்கள் தளராதிருக்க. அவ்விரண்டறை வீட்டில் பசி வேளைதோறும் வந்து, வயிறார உண்டு, மகிழ்ந்து செல்க. தொலைவிற் கற்கும் தமக்கைக்குக் கல்வி கைகூடுக. அவர் செய்யும் பல்லால் முதியோர் பலர் மென்று சிரிக்க. சிறுமியின் எலும்பில் வலிவும், கண்ணில் ஒளியும், நாவில் 'இன்னும்' என்னும் சொல்லும் நாளும் பெருகுக. தனித்திருந்த மனையை மூவர்க்கு இல்லமாக்கிய பேரருள், அங்கு எரியும் அடுப்பையும் அதனைச் சூழ்ந்து அமர்வாரையும் என்றும் காத்து நிற்க.